சூடான கை

அன்புள்ள அம்மா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. நைட் டியூட்டி முடிந்து வந்து எழுதலாம் என்று நினைப்பேன், அப்படியே தூங்கிவிடுவேன். கோபப்படாதே. நான் நன்றாக இருக்கிறேன்.

குளிர்தான் பழகவே இல்லை. வார்டுக்குள் வந்தும் அரை மணி நேரம் விரல் மரத்தே கிடக்கிறது. எனக்காவது பரவாயில்லை. குடல் புற்றுநோய்க்கு ஆக்ஸாலிபிளாட்டின் என்று ஒரு கீமோ மருந்து ஏற்றுவோம். ஏற்றிய பிறகு சில நாளைக்குச் சில்லென்று எதைத் தொட்டாலும் விரலில் ஊசி குத்துகிற மாதிரி இருக்கும். குளிர்ந்த தண்ணீர் குடித்தால் தொண்டையை அடைக்கும். ஏழாம் பெட்டில் ஒரு பாட்டி. முதல் நாள் என் குளிர்ந்த கையோடு நாடி பார்க்கப் போய்விட்டேன், வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார். அவர் முகம் போன போக்கு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. இப்போதெல்லாம் வெந்நீரில் கையைக் காட்டித் துடைத்துவிட்டு, கட்டில் கம்பியில் துண்டைச் சுற்றி வைத்த பிறகுதான் அவரைத் தொடுகிறேன். என் பெயர் அவர் வாயில் நுழையவில்லை. என்னைப் பார்த்ததும் கையை மட்டும் நீட்டுகிறார்.

வேறு வார்டு கேட்கச் சொல்லியிருந்தாய். கேட்க மாட்டேன் அம்மா. ஒவ்வொரு கீமோவுக்கும் இரண்டு நர்ஸ் நின்று பெயர், மருந்து, அளவு எல்லாம் சரிபார்க்கிறோம். டாக்ஸோரூபிசின் என்கிற சிவப்பு மருந்து ரத்தக்குழாயை விட்டுக் கசிந்தால் சதையே புண்ணாகிவிடும். ரத்தத்தில் வெள்ளணு குறைந்தவருக்கு 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல் வந்தாலே ஓட வேண்டும், ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக் ஏற வேண்டும். இந்த வேலை எனக்கு வருகிறது.

போன வாரம் விடியற்காலையில் ஒருவர் போய்விட்டார். பிள்ளைகள் வந்துகொண்டிருந்தார்கள், நான்தான் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆச்சி போனபோது யார் பிடித்திருந்தது அம்மா? நீ சொல்லவே இல்லை. நானும் கேட்கவில்லை.

இருக்கட்டும். சித்திக்கு மார்பில் கட்டி, வலியில்லை என்று விட்டுவிட்டாள் என ஒரு வரியில் எழுதியிருக்கிறாய். வலியில்லை என்பதால் விட்டுவிடக் கூடாது. பெரும்பாலான கட்டி புற்றுநோய் இல்லைதான், ஆனால் புற்றுநோய்க் கட்டி ஆரம்பத்தில் பலருக்கு வலிப்பதே இல்லை. மேமோகிராமோ ஸ்கேனோ, டாக்டர் சொல்வதை உடனே எடுக்கட்டும். தேவைப்பட்டால் ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்ப்பார்கள், பயப்பட வேண்டாம் என்று சொல். சித்தப்பாவுக்கு நேரமில்லை என்றால் தம்பி கூட்டிப்போகட்டும், பரீட்சை அடுத்த மாதம்தானே. இந்த மாதம் பணம் கொஞ்சம் குறைவாக வரும். அதில் முதலில் சித்தி செலவைப் பார், வீட்டுக் கடனுக்கு அடுத்த மாதம் சேர்த்து அனுப்புகிறேன்.

சித்தியின் ரிசல்ட் வந்த அன்றே போன் பண்ணச் சொல். நடுராத்திரி ஆனாலும் எடுப்பேன்.

உன் மகள்