வரைபடத்தை வீட்டிலேயே படித்துவிட்டுப் புறப்படுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறையையொட்டி உங்கள் நாளிதழில் வரும் சுற்றுலாப் பக்கங்களை விடாமல் படித்துவருகிறேன். எங்கே தங்கலாம், என்ன சாப்பிடலாம், எதைத் தவறவிடக் கூடாது என்பதெல்லாம் நிறைவாக வருகின்றன. எப்படிப் போவது என்கிற இடத்தில் மட்டும் ‘கூகுள் மேப்ஸில் ஊர்ப் பெயரைப் போட்டால் வழி காட்டும்’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அந்த ஒரு வரி போதாது என்று சொல்லத்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

நான் அரசு மேல்நிலைப் பள்ளியில் புவியியல் கற்பித்து ஓய்வு பெற்றவள். வசிப்பது சத்தியமங்கலத்தில். எங்கள் ஊரைத் தாண்டினால் பண்ணாரி சோதனைச் சாவடி. அதற்கப்பால் 27 கொண்டை ஊசி வளைவுகளோடு திம்பம் மலைப்பாதை, புலிகள் காப்பகத்துக்குள் ஏறிச் சாம்ராஜ்நகருக்கும் மைசூருக்கும் போகிறது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2022 பிப்ரவரி முதல் அங்கே இரவுப் போக்குவரத்துக்குத் தடை. கார்களுக்கு இரவு 9 மணியோடு வழி அடைபடும். விடுமுறைக் காலத்தில் ஒன்பதேகாலுக்கும் ஒன்பதரைக்கும் வந்து நிற்கிற வெளியூர் வண்டிகளைப் பார்க்கும்போது மனம் பொறுப்பதில்லை. பின் இருக்கையில் குழந்தைகள் தூங்கி வழிந்துகொண்டிருப்பார்கள். ஓட்டி வந்தவர் கைப்பேசியைக் காவலரிடம் நீட்டி, “இதில் வழி காட்டுகிறதே” என்று மன்றாடுவார். பிறகு வண்டியைத் திருப்பிக்கொண்டு சத்திக்கு வந்து, இருக்கிற விடுதிகளில் அறை கேட்டு அலைய வேண்டியதுதான்.

கூடலூரிலிருந்து முதுமலை, பந்திப்பூர் வழியாகப் போகிறவர்களுக்கும் இதே கதை. அந்தச் சாலையில் 2009 முதலே இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை தடை இருக்கிறது. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதம் முதல் இ-பாஸ் வேண்டும். இவற்றையெல்லாம் கைப்பேசி தானாகச் சொல்லிவிடும் என்று நம்பிக்கொண்டு வீட்டைவிட்டுக் கிளம்பக் கூடாது. ஆனால் அதே கைப்பேசியை வைத்துக்கொண்டே இந்த அவதியைத் தவிர்க்க முடியும். அது எப்படி என்று யாரும் சொல்லித்தருவதில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

கோவையிலிருந்து மைசூருக்குக் கிளம்புகிற குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். எல்லோரும் செய்வது, மைசூரைச் சேருமிடமாகக் கொடுத்து மொத்த நேரத்தைப் பார்ப்பது. அந்த மொத்த நேரத்தால் இங்கே பயனில்லை. நீங்கள் நேரத்தோடு போய்ச் சேர வேண்டிய இடம் மைசூர் அன்று, பண்ணாரி. ஆகவே முதலில் பண்ணாரியையே சேருமிடமாகக் கொடுங்கள். வழி தெரிந்ததும் மேலே மூன்று புள்ளிகளைத் தொட்டால், புறப்படும் நேரத்தையோ சேரும் நேரத்தையோ குறிக்க இடம் இருக்கும். அதில் பயண நாளையும், இரவு 8 மணிக்குச் சேர வேண்டும் என்பதையும் குறியுங்கள். அன்னூர், புளியம்பட்டி, சத்தி நெரிசலையெல்லாம் கணக்கிட்டு, எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று அது சொல்லிவிடும். அந்தக் கணக்கு கடந்த வாரங்களின் வழக்கமான போக்குவரத்தை வைத்துப் போடப்படுவது. பங்குனியில் பண்ணாரி அம்மன் குண்டம் திருவிழாவுக்குத் திரள்கிற கூட்டத்தை அது முன்கூட்டி அறியாது. அந்த நாட்களில் வருகிறவர்கள் இன்னும் இரண்டு மணி நேரம் சேர்த்துக்கொள்வது நல்லது.

அடுத்தது, என் பாடத்துக்கே உரிய விஷயம். பிளஸ் டூ செய்முறை வகுப்பில் சர்வே ஆஃப் இந்தியாவின் இடவிளக்கப்படத்தை மேசையில் விரித்து, ஒரே உயரத்திலுள்ள இடங்களை இணைக்கும் பழுப்பு நிறச் சம உயரக் கோடுகளை மாணவர்களை விரலால் தொட்டுப் பார்க்கச் சொல்வேன். 1:50,000 அளவுப் படத்தில் ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் உயர வேறுபாடு 20 மீட்டர். கோடுகள் விலகியிருந்தால் மென்சரிவு. ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டிருந்தால் செங்குத்து. அன்றைக்கு ஒரு வகுப்புக்கு ஒன்றோ இரண்டோ படங்கள்தான் கிடைக்கும், மாணவர்கள் முண்டியடிப்பார்கள். இன்று அந்தக் கோடுகள் ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் இருக்கின்றன! கூகுள் மேப்ஸில் வரைபடத்தின் அடுக்குகளை (லேயர்ஸ்) திறந்து ‘நிலப்பரப்பு’ (டெரெய்ன்) என்பதைத் தேர்ந்தெடுத்துப் பெரிதாக்கினால் போதும், உயர அளவுகளோடு கோடுகள் தெரியும்.

பண்ணாரிக்கு வடக்கே அப்படிப் பெரிதாக்கிப் பாருங்கள். தெற்கே கோடுகள் எங்கோ ஒன்று, எங்கோ ஒன்று என்று கிடக்கும். மலையடிவாரத்தில் சட்டென்று நெருங்கிவிடும். சாலை அந்த நெருக்கத்தை நேராகக் கடக்க முடியாமல் இடமும் வலமுமாக மடங்கி மடங்கி ஏறுவதும், மேலே போனதும் கோடுகள் மறுபடி தளர்ந்து பீடபூமி தொடங்குவதும் கண்ணெதிரே விரியும். வண்டியில் யாருக்காவது தலைசுற்றல், வாந்தி உண்டு என்றால் சாப்பாட்டை எங்கே முடிக்க வேண்டும் என்பதை இந்தப் படமே சொல்லிவிடுகிறது. மலைப்பாதையில் புதிதாக ஓட்டுகிறவர், இருட்டும் முன் எந்த இடத்தைத் தாண்டிவிட வேண்டும் என்றும் முடிவு செய்துகொள்ளலாம்.

மலையில் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும். அதனால் முதல் நாள் இரவே, வீட்டில் வைஃபை இருக்கும்போது, போகிற பகுதியை ஆஃப்லைன் வரைபடமாக இறக்கிக்கொள்ள வேண்டும். இணையம் இல்லாவிட்டால் ஜிபிஎஸ் வேலை செய்யாது என்று படித்தவர்களே நினைக்கிறார்கள். வானொலிப் பெட்டியைப் போல, கைப்பேசி செயற்கைக்கோள்களின் சமிக்ஞையை நேரடியாகப் பெற்றுத்தான் தன் இருப்பிடத்தைக் கண்டுபிடிக்கிறது. இணையம் தேவைப்படுவது படத்தைக் கொண்டுவருவதற்கு. படம் முன்பே கைப்பேசியில் இருந்தால் கவலை இல்லை. ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். கூகுளின் ஆஃப்லைன் படத்தில் கார் வழி கிடைக்கும். நடைவழியும் நெரிசல் விவரமும் கிடைக்காது. நடக்கப் போகிறவர்கள், 2004இல் தொடங்கி உலகெங்கும் தன்னார்வலர்கள் சேர்ந்து வரைந்துவரும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பைப் பயன்படுத்தலாம். ஆர்கானிக் மேப்ஸ், ஓஸ்மேண்ட் போன்ற செயலிகள் அந்தப் படத்தைத்தான் காட்டுகின்றன. இணையமே இல்லாமல் நடைவழியும் சொல்கின்றன.

காரில் போகிறவர்கள் கிளம்பும் முன் வாகனக் குறியை ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும். இந்தியாவில் 2017 முதல் இருசக்கர வாகனத்துக்கென்று தனி வழி காட்டப்படுகிறது. நேற்று ஸ்கூட்டரில் கடைக்குப் போன மகன் அதை மாற்றாமல் விட்டிருந்தால், இன்று அதே கைப்பேசி காரைச் சந்துக்குள் கொண்டுபோய் நிறுத்தும். ‘நான்கு நிமிடம் மிச்சம்’ என்று ஒரு கிராமத்துக் குறுக்குவழியை அது காட்டினால், உடனே திருப்பிவிடாமல் செயற்கைக்கோள் படத்தில் அந்தச் சாலையின் அகலத்தைப் பாருங்கள். 2024 நவம்பரில் உத்தரப் பிரதேசத்தின் பரேலி அருகே, கைப்பேசி காட்டிய வழியில் போன கார், வெள்ளத்தில் ஒரு பகுதி இடிந்துபோன பாலத்திலிருந்து ராம்கங்கா ஆற்றுக்குள் விழுந்து மூன்று பேர் இறந்தார்கள். அந்தச் செய்தியைப் படித்ததிலிருந்து, மழைக்காலத்தில் அறியாத ஆற்றுப் பாலங்களைத் தாண்டும் முன் அருகிலுள்ள டீக்கடையில் விசாரிக்கச் சொல்லி எல்லோரிடமும் வற்புறுத்துகிறேன்.

கோயில்களுக்கு முதியவர்களை அழைத்துப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. சென்னிமலைக்கு 1,320 படிகளும் உண்டு, வண்டி ஏறும் மலைச்சாலையும் உண்டு. ஊர்ப் பெயரை மட்டும் கொடுத்தால் அடிவாரத்து ஊருக்குத்தான் போவீர்கள். கோயிலையே தேடி, வழி மேலே வரை போகிறதா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். மக்கள் எழுதிய கருத்துகளைப் ‘புதியவை’ என்ற வரிசையில் வைத்து, ‘படி’, ‘பார்க்கிங்’, ‘சக்கர நாற்காலி’ என்று அதற்குள்ளேயே தேடலாம். நட்சத்திர எண்ணிக்கையை விட, சென்ற மாதம் போய்வந்த ஒருவர் எழுதிய இரண்டு வரி மேல். நடை சாத்தும் நேரத்துக்கு மட்டும் அதை நம்பாதீர்கள். கோயில் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் கேட்டுவிடுங்கள்.

பெண்களுக்குப் பயணத்தில் பெரிய கவலை கழிப்பறை. இதைச் சுற்றுலாப் பக்கங்களில் எழுதத் தயங்குகிறார்கள். நானும் என் தங்கையும் கூகுள் மேப்ஸிலேயே இருவருக்கும் பொதுவாக ஒரு பட்டியல் வைத்திருக்கிறோம். சுத்தமான கழிப்பறை உள்ள பெட்ரோல் பங்க், உணவகம் எதைக் கண்டாலும் அதில் சேமித்து, தண்ணீர் வருகிறதா, தாழ்ப்பாள் இருக்கிறதா என்று குறிப்பும் எழுதுகிறோம். பட்டியலைப் பகிர்ந்திருப்பதால் அவள் சேர்ப்பது எனக்கும் தெரியும். இப்போது உறவினர் பலரும் கிளம்பும் முன் அதைக் கேட்டு வாங்கிக்கொள்கிறார்கள்.

ஆசிரியர் அவர்களே, உங்களிடம் ஒரு கோரிக்கை. புதூர், நல்லூர் என்று ஒரே பெயரில் எத்தனையோ ஊர்கள் இருக்கிற மாநிலம் இது. இனி வரும் சுற்றுலாக் கட்டுரைகளின் கீழே அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை நான்கு தசம இலக்கம் வரை அச்சிடுங்கள். நான்காவது இலக்கம் ஏறக்குறைய 11 மீட்டர் துல்லியம் தரும். அருவிக்குப் பிரியும் மண்பாதையைக்கூடச் சரியாகக் காட்டிவிடலாம். அதோடு கட்டுரையாளர் அங்கே போன மாதத்தையும், வழியில் சாவடி இருந்தால் அது மூடும் நேரத்தையும் சேர்த்தால் வாசகர்களுக்கு எவ்வளவோ உதவியாக இருக்கும். சத்தியமங்கலம், திம்பம், ஆசனூர் பகுதிக்கு இந்த விவரங்களை நேரில் போய்ச் சரிபார்த்து எழுதித்தர நான் தயாராக இருக்கிறேன். பள்ளி விடுமுறை தொடங்கும் முன் வெளியிட முடியுமானால் தெரிவியுங்கள், உடனே அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியை,
சத்தியமங்கலம்.