பஸ் வரும் நேரத்து வயிற்றுவலி

கோத்தகிரி,
அக்டோபர், செவ்வாய்க்கிழமை

அன்புள்ள தோழிக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே மழை விட்டுவிட்டுப் பெய்கிறது, கேரட் விலை இறங்கியதில் ஊரே புலம்புகிறது. உன் ஊர் பெருமாள்மலையில் இந்நேரம் வடகிழக்கு மழை பிடித்திருக்கும். சரி, உன் சின்னவள் பள்ளிக்குப் போக மாட்டேன் என்கிற விஷயத்துக்கு வருகிறேன்.

புதுப் பள்ளியில் காலாண்டு லீவு முடிந்ததிலிருந்து காலையில் வயிற்றுவலி, பள்ளி பஸ் போனதும் சரியாகிவிடுகிறது, அதனால் நடிக்கிறாள் என்று உன் வீட்டுக்காரர் சொல்கிறாராம். நடிப்பே இல்லைடி. பயந்தால் குடலின் அசைவு மாறி நிஜமாகவே வலிக்கும். பஸ் போனால் பயம் போகிறது, வலியும் கூடவே போகிறது.

ஆனாலும் முதலில் டாக்டரிடம் காட்டு. தொப்புளைச் சுற்றி மட்டும் வலித்து, லீவு நாளில் வராமல் இருந்தால் பெரும்பாலும் பயம்தான். தூக்கத்தைக் கலைக்கும் வலி, காய்ச்சல், ஓயாத வாந்தி, எடை குறைவது, மலத்தில் ரத்தம், இதில் ஒன்று இருந்தாலும் தள்ளிப்போடாதே. ஒன்றுக்குப் போகும்போது எரிகிறதா என்றும் கேள். குளிரில் நம் மலைப் பிள்ளைகள் தண்ணீரே குடிப்பதில்லை. போதாததற்கு, பள்ளிக் கழிப்பறை பிடிக்காமல் சாயங்காலம் வரை அடக்கிக்கொள்வதும் உண்டு. தாழ்ப்பாள் இல்லாத ஒரு கதவு போதும், பிள்ளை பள்ளியே வேண்டாம் என்று சொல்ல.

அடுத்தது, எதற்குப் பயம் என்று கண்டுபிடிக்க வேண்டும். "ஏன் போக மாட்டேங்கிறே?" என்று காலையில் கேட்காதே. அந்த நேரத்தில் அவளுக்கே தெரியாது. சாயங்காலம் இருவரும் பட்டாணி உரிக்கும்போது, முகத்தைப் பார்க்காமல், ஒரு நாளைத் துண்டு துண்டாக்கிக் கேள்: பஸ், பிரேயர், கணக்கு வகுப்பு, மதியச் சாப்பாடு, கழிப்பறை, திரும்பும் பஸ். ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு பயம் என்று பத்து விரலில் காட்டச் சொல். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு வார்த்தையைவிட விரல் சுலபம். கணக்கு டீச்சர்தான் காரணம் என்று நீ நினைத்திருப்பாய், அவள் பஸ்ஸுக்கு ஒன்பது விரல் காட்டுவாள். வளைவுகளில் வாந்தி வந்துவிடுமோ, எல்லோரும் சிரிப்பார்களோ என்ற பயம் மலைப்பாதையில் போகும் பிள்ளைகளுக்குச் சாதாரணம். அப்படியானால் முன் சீட் கேட்டு வாங்கு. வெறும் வயிற்றோடு அனுப்பாதே, இரண்டு இட்லி போதும். போகும்போது புத்தகம் வேண்டாம், தூரத்துச் சாலையைப் பார்க்கட்டும். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர் இருந்தாலே பாதி தைரியம் வந்துவிடும். யாராவது அடிக்கிறார்கள், கேலி செய்கிறார்கள் என்று சொன்னால் அது வேறு விஷயம். அவளைப் பழக்குவதற்கு முன் பள்ளியில் பேசி அதை நிறுத்த வேண்டும்.

"கொஞ்ச நாள் வீட்டில் இருக்கட்டும், தானாகச் சரியாகும்" என்று எழுதியிருக்கிறாய். இதைத்தான் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வீட்டில் நின்றதும் கிடைக்கும் நிம்மதி, நாளைய பயத்துக்குப் போடும் உரம். இரண்டு வாரம் நின்றால் பாடமும் போகும், பக்கத்து சீட்டில் வேறு பிள்ளை உட்கார்ந்திருப்பாள். வகுப்பு டீச்சரிடம் பேசி, முதல் இரண்டு மூன்று நாள் மதியச் சாப்பாடு வரைக்கும் என்று தொடங்கு. காட்டும் விரல்கள் பாதியானதும் கடைசி மணி வரைக்கும் இருக்கட்டும். எத்தனை மணிக்குக் கூப்பிட வருகிறேன் என்றாயோ அந்த மணிக்கு வாசலில் நில். ஒரு நாள் தாமதித்தால் நம்பிக்கை போய்விடும். நடுவில் அழுதாள் என்று முன்கூட்டியே கூட்டி வந்தாலும் கெட்டது, அழுதால் வீடு என்று கற்றுக்கொள்வாள். வழியனுப்புவது ஒரு நிமிடத்துக்குள் முடியட்டும். உன் கண் கலங்குமென்றால் அவர் கொண்டுபோய் விடட்டும்.

"ஒண்ணும் இல்லை, ஒண்ணும் ஆகாது" என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்லாதே. "வயிறு வலிக்குதுன்னு தெரியுது, பயமாவும் இருக்கு. சாப்பாட்டு மணி வரைக்கும் இரு, வாசல்ல நிப்பேன்" என்று ஒருமுறை சொல், போதும். மாமியார் திருஷ்டி சுற்றிப் போட்டால் போடட்டும், நஷ்டமில்லை. வீட்டில் நின்ற நாளில் பத்து மணிக்கு டிவியும் பூஸ்டும் கொடுப்பதை மட்டும் நிறுத்தச் சொல். தண்டனையும் வேண்டாம், பள்ளி நேரம் முழுக்கப் பாடப் புத்தகம்தான்.

மழை லீவுகளில் கவனம். கலெக்டர் இரண்டு நாள் விடுமுறை விட்டால் மூன்றாம் நாள் வலி திரும்பும். முன்கூட்டியே எதிர்பார்த்துக்கொள், தோற்றுவிட்டோம் என்று நினைக்காதே. லீவிலும் அதே நேரத்தில் படுக்கட்டும். அந்த வயதுக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும்.

சனிக்கிழமை அதே பஸ்ஸில் வரும் ஒரு பிள்ளையை மட்டும் வீட்டுக்குக் கூப்பிடு. ஒன்றரை மணி நேரம், சலிப்பு வருமுன் அனுப்பிவிடு. நீ நடுவில் போய் உட்காராதே. புதுப் பள்ளியில் ஒரு சிநேகிதி போதும், பத்து பேர் வேண்டாம்.

இரண்டு வாரத்துக்கு மேல் சாப்பாடு, தூக்கம், விளையாட்டு மூன்றும் குறைந்தாலோ, "நான் இல்லாம போனா நல்லது" என்கிற மாதிரி ஏதாவது சொன்னாலோ, சாகணும்னு தோணுதா என்று நேராகவே கேள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. தனியாக விடாமல் உடனே மனநல மருத்துவரிடம் கூட்டிப்போ. 14416, டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண், எந்த நேரமும் தமிழில் பேசலாம், காசு இல்லை. யாராவது துன்புறுத்துகிறார் என்று தெரிந்தால் குழந்தைகள் உதவி எண் 1098.

பஸ்ஸுக்கு எத்தனை விரல், கழிப்பறைக்கு எத்தனை விரல் என்று கேட்டு எழுது. மலைப்பூண்டு அனுப்புவதாகச் சொன்னாயே, மறந்துவிடாதே.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரி