குட்டிக்குத் துணை நின்ற எல்லோருக்கும்

உறையூர், திருச்சி

எல்லோருக்கும் வணக்கம்.

வருகிற ஜூனில் குட்டி எல்.கே.ஜி. போகிறான். பெயரைப் போட வேண்டாம் என்று அவன் அம்மா சொன்னதால், வீட்டில் கூப்பிடுகிறபடியே எழுதுகிறேன். ஒன்றரை வயதில் என் வீட்டு டே கேருக்கு வந்தவனுக்கு இப்போது மூன்றரை. டைப் 1 சர்க்கரை நோய், தினமும் இன்சுலின் ஊசி. இந்த இரண்டு வருஷத்தில் சர்க்கரை பார்க்க அவன் விரலில் எத்தனை தடவை குத்தியிருப்பேன் என்று நோட்டைப் புரட்டி எண்ணப் போனேன். மூன்றாவது நோட்டிலேயே விட்டுவிட்டேன். "நீங்க ஒரு ஆளா எப்படிச் சமாளிச்சீங்க?" என்று கேட்கிறார்கள். ஒரு ஆளாக எங்கே சமாளித்தேன்? அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். அவன் அம்மா முதல்முறை வந்தபோது காபி கொடுத்து, "வேற இடம் பாருங்கம்மா" என்று அனுப்பிவிட்டேன். எனக்கு முன்னால் மூன்று இடத்தில் இதே பதிலை வாங்கிக்கொண்டு வந்தவர் என்று பிறகுதான் தெரிந்தது. அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. என் அப்பாவுக்கு எட்டு வருஷம் நான்தான் இன்சுலின் போட்டேன். அந்தக் கைக்கு இப்போது என்ன பயம்? விடிந்ததும் போன் செய்தேன். ஒரு வார்த்தை குத்திக்காட்டாமல், "எப்ப கூட்டிட்டு வரட்டும் அக்கா?" என்றார். அம்மா, உங்களுக்கு என் முதல் நன்றி அந்த ஒரு கேள்விக்குத்தான்.

அப்பாவுக்குப் போட்ட அனுபவம் இருக்கிறது என்று ஆஸ்பத்திரியில் பெருமையாகச் சொன்னேன். சர்க்கரை நோய்க்குப் பயிற்சி கொடுக்கும் சிஸ்டர் சிரித்துவிட்டு, அதையெல்லாம் மறந்துவிட்டு உட்காரச் சொன்னார். அப்பாவுக்கு 22 யூனிட். இவனுக்கு ஒன்று, சில வேளை அரை. அரை யூனிட்டுக்கென்றே தனி இன்சுலின் பேனா (பேனா மாதிரி ஊசி) இருக்கிறது என்பதே அன்றுதான் தெரியும். அப்பாவின் மருந்து ஒரு மில்லிக்கு 40 யூனிட் குப்பி, சிவப்பு மூடி சிரிஞ்சு. பேனாவில் இருப்பது ஒரு மில்லிக்கு 100 யூனிட். அவசரத்தில் பேனா மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் அதே கோடு வரை இழுத்தால் இரண்டரை மடங்கு உள்ளே போய்விடும். வீட்டுக்கு வந்ததும் அலமாரியில் மிச்சமிருந்த பழைய சிரிஞ்சுகளைத் தேடி எடுத்து அப்புறப்படுத்தினேன்.

சிஸ்டர், நீங்கள் தமிழில் கைப்பட எழுதிக் கொடுத்த தாள் இன்னும் என் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது. ரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே போனால் ஒரு டீஸ்பூன் குளுக்கோஸ், 15 நிமிஷம் கழித்து மறுபடி பரிசோதனை. சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சர்க்கரையை மெதுவாகத்தான் ஏற விடும். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதே, 108-ஐக் கூப்பிடு. கடைசி வரியைச் சிவப்பு மையில் எழுதியிருந்தீர்கள். அந்த வரிக்கு இதுவரை வேலை வரவில்லை.

அந்த மாம்பழக் கதையையும் சொல்லிவிடுகிறேன். முதல் கோடை. மீட்டர் 380 காட்டுகிறது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிள்ளையோ சிரித்துக்கொண்டு ஓடுகிறது. சிஸ்டருக்குப் போன் போட்டால், "அக்கா, கை கழுவினீங்களா?" என்று நிதானமாகக் கேட்கிறார். பக்கத்தில் ஒருத்தி தின்ற மாம்பழத்தை இவன் தடவிக்கொண்டிருந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கழுவித் துடைத்துக் குத்தினால் 142. முதல் எண்ணை நம்பி ஊசி போட்டிருந்தால் என்னவாகியிருக்கும் என்று இன்றும் வயிறு கலங்கும்.

அளவை நானாக ஒரு நாளும் முடிவு செய்ததில்லை. எத்தனை இட்லி, எத்தனை கரண்டி பருப்புச் சாதம், மீட்டரில் என்ன என்று அம்மாவுக்குச் சொல்வேன். அவர் கணக்குப் போட்டுச் சொல்வார். நான் திருப்பிச் சொல்லிவிட்டுப் பேனாவைத் திருகுவேன். என் மகள் கல்லூரிக்குப் போகாத நாளில் அவள் ஒரு முறை எண்ணைப் பார்ப்பாள். மற்ற நாளில் பேனாவைப் படமெடுத்து அனுப்பிவிடுவேன். பாதிச் சாப்பாட்டில் எழுந்து ஓடுகிற வயசு என்பதால், சாப்பிட்ட பிறகு போடலாம் என்று டாக்டர் சொன்னது பெரிய நிம்மதி. பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போதும் என் போனை எடுக்க அம்மாவை அனுமதித்த கல்லூரி முதல்வர் அவர்களே, உங்களை நான் பார்த்ததில்லை. ஆனால் இந்த வீட்டின் மதியச் சாப்பாடு உங்கள் தயவில்தான் நேரத்துக்கு நடந்தது.

என் அத்தையைப் பற்றி எழுதாமல் இருக்க முடியாது, பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார். "பச்சைப் பிள்ளைக்கு இனிப்பை அள்ளிக் கொடுத்திருப்பாங்க, அதான்" என்று ஆரம்பித்தவர். உடம்பே தன் கணையத்தின் செல்களைத் தாக்கி அழிப்பதால் வருவது, தின்றதால் வந்ததில்லை என்று சிஸ்டர் சொல்லியும் பாதிதான் நம்பினார். பாவம் பார்த்து ஒரு நாள் கடலைமிட்டாயும் கொடுத்தார். அன்றைக்கு எனக்கும் அவருக்கும் பெரிய சண்டை. பிறகு, "இந்த வயசுல தினமும் ஊசியா" என்று அவர் அழுதபோது, 1922-க்கு முன்னால் அந்த ஊசியே கிடையாது, இப்படிப்பட்ட பிள்ளைகள் அதிக நாள் பிழைத்ததும் கிடையாது என்று சிஸ்டர் சொன்னார். அதற்கப்புறம் அத்தைதான் காவல். பிறந்தநாள் சாக்லேட்டோடு யார் வந்தாலும் வாசலிலேயே கை நீட்டி வாங்கி, அட்டையில் எத்தனை கிராம் போட்டிருக்கிறது என்று என்னைப் படிக்கச் சொல்லுவார்.

மற்றப் பிள்ளைகளின் பெற்றோருக்கும் நன்றி. ஒட்டிக்கொள்ளுமோ என்று ஒரு வீட்டார் பிள்ளையை நிறுத்திக்கொண்டார்கள். மற்ற ஐந்து வீட்டார் இருந்தீர்கள். உங்கள் பிள்ளைகள் 11 மணியானால் அவனுக்குப் பின்னால் வரிசையில் நின்று எனக்கும் என்று விரலை நீட்டும். ஊசியில்லாத மூடியால் எல்லாருக்கும் ஒரு 'டொக்'. பொம்மைக்கும் உண்டு.

அந்த மார்கழி மதியத்தை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். காலையில் மூன்று சக்கர சைக்கிளை விடாமல் ஓட்டினான், வழக்கம்போல் சாப்பிட்டான், தூங்கினான். தூங்குமுன் நான் பார்க்கவில்லை. தப்பு என்னுடையது. ஒன்றரை, இரண்டு வயதுப் பிள்ளை தலை சுற்றுகிறது என்று சொல்லாது. அழும், கடிக்கும், மடியை விட்டு இறங்காது. எல்லாப் பிள்ளையும் செய்வதுதான் அது. அடமா, லோவா (சர்க்கரை இறங்கிவிட்டதா) என்று மீட்டர்தான் சொல்ல வேண்டும். தூங்குகிற பிள்ளையோ அதைக்கூடச் செய்யாது. பள்ளி விடுமுறைக்கு வந்திருந்த ஐந்து வயதுப் பெண் வந்து, "அத்தை, குட்டி தலகாணி ஈரமா இருக்கு" என்றாள். ஃபேன்கூடப் போடாத குளிரில் எங்கிருந்து வேர்வை? குத்திப் பார்த்தால் 46. கண் சொருகினாலும் விழுங்கினான். குளுக்கோஸைக் குழைத்துக் கன்னத்துக்குள் தடவித் தடவிக் கொடுத்தேன். எதிர்வீட்டு ஆட்டோ அண்ணன் வண்டியைக் கிளப்பி வாசலில் நிறுத்திவிட்டார். 15 நிமிஷம் கழித்து 63. மறுபடி ஒரு ஸ்பூன். அடுத்த முறை 97. எழுந்து முதல் வேலையாகச் சைக்கிளைக் கேட்டான். அண்ணன், அந்த அரை மணி நேரச் சவாரியை இழந்ததற்கு நீங்கள் பணம் வாங்கவே இல்லை. தலகாணி ஈரத்தைச் சொன்ன அந்தச் செல்லத்துக்கு என்ன கொடுப்பது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. வளையல் கேட்டாள், வாங்கிக் கொடுத்தேன். அன்றிலிருந்து தூங்குமுன் பார்க்காமல் ஒரு நாளும் பாய் விரித்ததில்லை.

ஒரு பேனாவை ஃபிரிட்ஜில் ஃப்ரீசரை ஒட்டி வைத்து உறைய விட்டதும் நான்தான். உறைந்த இன்சுலின் அப்புறம் ஆகாது. குட்டியின் அப்பா ஒரு வார்த்தை கோபிக்கவில்லை, மாலையிலேயே புதிது வாங்கி வந்தார். மே மாதக் கரண்ட் வெட்டுக்கு என்ன செய்வது என்று கேட்டபோது மண்பானை யோசனை சொன்னது சிஸ்டர். பெரிய பானையில் ஈர மணல், நடுவில் சின்னப் பானை, மேலே ஈரத்துணி. மருந்துக்கு என்று கேட்டதும் சின்னப் பானைக்குக் காசு வேண்டாம் என்றுவிட்டார் பானை விற்கும் அக்கா. மீட்டரில் செருகும் ஸ்ட்ரிப் டப்பாவின் கடைசித் தேதியைப் பார்த்துப் பார்த்து எடுத்து வைத்த மருந்துக்கடைத் தம்பிக்கும் நன்றி.

புதுப் பள்ளியின் டீச்சர் கேட்காமலே போன வாரம் இரண்டு நாள் காலையில் வந்து உட்கார்ந்து பார்த்தார். தன் விரலிலேயே குத்திப் பழகினார். டீச்சர், நோட்டுகளை உங்களிடம் தந்துவிட்டேன். மாம்பழப் பக்கத்தின் ஓரத்தை மடித்து வைத்திருக்கிறேன்.

ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு எல்லோரும் வீட்டுக்கு வர வேண்டும். அத்தை பருப்புப் பாயசம் வைக்கிறார். குட்டிக்கும் உண்டு, எத்தனை ஸ்பூன், அதற்கு எத்தனை யூனிட் என்று அவன் அம்மா இப்போதே கணக்குப் போட்டுவிட்டார்.

அன்புடன்,
குட்டியின் டே கேர் அத்தை