டர்பனிலிருந்து அக்காவுக்கு

டர்பன்,
தென்னாப்பிரிக்கா,
ஜூன் கடைசி ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நான் சுகம். நீயும் அத்தானும் பிள்ளைகளும் சுகம்தானே? போன வாரம் போனில் நீ கேட்டதற்கு அப்போதே பதில் சொல்லியிருப்பேன். பின்னால் குக்கர் விசில் அடித்துக்கொண்டிருந்தது, உன் காது பாதி அடுப்பில் இருந்தது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். "சர்க்கரைதான் கொறைஞ்சிட்டுல்லா, பெறகு எதுக்குல இன்னும் ஓடிட்டுக் கெடக்க?" என்றாய். நியாயமான கேள்விதான்.

டாக்டர் பயமுறுத்தித்தான் ஓட ஆரம்பித்தேன். ரிப்போர்ட் நல்லபடியாக வந்ததும் அந்தப் பயம் போய்விட்டது, கூடவே ஓட்டமும் போய்விட்டது. அலாரத்தை அமுக்கிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வேன். மறுபடி இழுத்துவிட்டவர் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் தெருக்காரர். அவருடைய முன்னோர்கள் கரும்பு வெட்டக் கப்பலேறி வந்தவர்கள். 1860 நவம்பரில் மெட்ராஸிலிருந்து முதல் கப்பல் இங்கே வந்தது, அதற்குப் பிறகு எத்தனையோ கப்பல்கள். அவருக்குத் தமிழ் பேச வராது, ஆனால் என்னை 'அண்ணா' என்றுதான் கூப்பிடுவார், என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருந்தும்! இருட்டு விலகாத நேரத்தில் கேட்டுக்கு வெளியே வந்து நின்று 'அண்ணா' என்று ஒரு குரல் கொடுப்பார். வயதானவர் குளிரில் நிற்கும்போது உள்ளே படுத்துக் கிடக்க முடியுமா? எழுந்து போய்விடுவேன்.

அவர் சேர்த்துவிட்ட கிளப்பில் எல்லோருக்கும் ஒரே பேச்சு, காம்ரேட்ஸ். டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் நடுவில் ஓடுகிற ஓட்டம். 90 கிலோமீட்டரை ஒட்டி வரும். நம்ம ஊரிலிருந்து திருச்செந்தூர் போய்த் திரும்பி வந்தாலும் இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கும். முதல் உலகப் போருக்குப் போய் வந்த விக் கிளாப்பம் என்ற ரயில் டிரைவர், செத்துப்போன கூட்டாளிகளின் நினைவாக 1921-ல் ஆரம்பித்தது. அன்றைக்குக் கிளம்பினவர்கள் 34 பேர், போய்ச் சேர்ந்தவர்கள் 16. இப்போது ஆயிரக்கணக்கில் ஓடுகிறார்கள். ஒரு வருஷம் கடலிலிருந்து மேட்டுக்கு, மறு வருஷம் மேட்டிலிருந்து கடலுக்கு என்று மாறி மாறி வரும். இறக்கம்தான் லேசு என்று நினைக்காதே. தொடை இரண்டும் கழன்றுவிடும், மறுநாள் மாடிப்படியில் பின்பக்கமாகத்தான் இறங்க வேண்டும்.

இரண்டும் ஓடிவிட்டேன். பதக்கம் உன் பூஜை அலமாரியில் சந்தனக் கிண்ணத்துக்குள் போட்டு வைக்கிற அளவுக்குத்தான் இருக்கும். 11 மணி நேரத்துக்கு மேல், 12-க்குள் முடிக்கிறவர்களுக்குக் கொடுக்கிற செப்புப் பதக்கம். அதற்குப் பெயரே விக் கிளாப்பம்தான். வாங்கின அன்றைக்குச் சந்தோஷம். ஒரு மாதத்தில் அதுவும் பழகிப்போய், மறுபடி அலாரத்தை அமுக்க ஆரம்பித்தேன்.

அடுத்த வருஷம் முழங்கால் மக்கர் பண்ணியது. ஓட வேண்டாம் என்று கேம்பர்டவுன் பக்கம் எங்கள் கிளப் போட்டிருந்த தண்ணீர் மேசையில் நின்றேன். அது மேட்டுக்கு ஓடுகிற வருஷம், எங்கள் மேசைக்கு வரும்போது 60 கிலோமீட்டர் தாண்டியிருப்பார்கள். தண்ணீரைப் பாக்கெட்டில்தான் கொடுப்போம். நம்ம பஸ் ஸ்டாண்டில் விற்ற தண்ணி பாக்கெட்தான், இது உள்ளங்கைக்குள் அடங்குகிற சைஸ். மூலையைப் பல்லால் கிழித்துப் பாதியைக் குடிப்பார்கள், பாதியைத் தலையில் பீய்ச்சிக்கொள்வார்கள். அவித்து உப்புத் தூவிய உருளைக்கிழங்கும் வாழைப்பழமும் வைத்திருந்தோம். முன்னால் போகிற வேகக்காரர்கள் நம் முகத்தைப் பார்க்க மாட்டார்கள், பாக்கெட்டைப் பிடுங்கிக்கொண்டு போவார்கள். மத்தியானத்துக்கு மேல்தான் மற்றவர்கள் வந்தார்கள்.

அவர்கள் கூட்டமாக வருவார்கள். அதற்கு இங்கே 'பஸ்' என்று பெயர். அனுபவப்பட்ட ஒருவர் முன்னால் போவார், அவர்தான் டிரைவர். எந்த மேட்டில் நடக்கணும், எந்த விளக்குக் கம்பத்திலிருந்து ஓடணும் என்று அவர்தான் சத்தம் கொடுப்பார். பின்னால் அறுபது எழுபது பேர் ஜூலு மொழியில் பாடிக்கொண்டே ஒரே தாளத்தில் கால் வைப்பார்கள். அப்படி வந்த பஸ்ஸில் ஒரு அம்மாள், நம் அம்மா வயது இருக்கும். உதடெல்லாம் உப்புப் பூத்திருந்தது. என் கையிலிருந்து உருளைக்கிழங்கை எடுத்துக்கொண்டு நின்று, என் கண்ணைப் பார்த்து 'ஙியபோங்கா' என்று நன்றி சொல்லிவிட்டு, ஓடிப்போய் பஸ்ஸில் சேர்ந்துகொண்டார். 12 மணி நேரக் கெடுவுக்கு ஒவ்வொரு நிமிஷமும் கணக்கு, அதில் எனக்காக நின்றிருக்கிறார்! அலமாரியில் பதக்கம் வைத்திருக்கிற நான் எத்தனை மேசையில் நின்று நன்றி சொன்னேன் என்று யோசித்துப் பார்த்தேன், ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை.

திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை போகிறவர்களுக்கு அப்பா ரோட்டோரத்தில் பானகம் ஊற்றுவாரே, 'நடக்கிறவன் புண்ணியத்தில் நமக்கும் பங்கு' என்பாரே, அதுதான் நினைவுக்கு வந்தது. அப்பா ஊற்றும்போது நான் டம்ளர் கழுவச் சலித்துக்கொள்வேன்.

அதற்கப்புறம் ஓடும்போது நான் பார்க்கிறதே மாறிப்போயிற்று. இன்ச்சாங்கா பக்கம் எத்தெம்பேனி என்று ஒரு பள்ளிக்கூடம், உடல் ஊனமுள்ள பிள்ளைகளும் பார்வையில்லாத பிள்ளைகளும் படிக்கிறது. அந்தப் பிள்ளைகள் சக்கர நாற்காலியோடு ரோட்டோரம் வரிசையாக இருந்து கையை நீட்டுவார்கள். ஒவ்வொரு கையையும் தொட்டுக்கொண்டே போகணும். முதல் தடவை நேரம் போகிறதே என்று நடு ரோட்டோடு போனவன்தான் நான். இப்போது மெதுவாக, ஒன்று விடாமல் தொட்டுவிட்டுத்தான் போகிறேன்.

இன்னொன்றும் சொல்லணும். 1975 வரைக்கும் இந்த ஓட்டத்தில் வெள்ளைக்கார ஆண்களைத் தவிர யாரையும் சேர்க்கவில்லை. 1935-ல் ராபர்ட் எம்ட்ஷாலி என்ற கறுப்பர், பேர் பதியாமலே ஓடி ஒன்பதரை மணி நேரத்தில் முடித்தார். பதக்கம் கிடையாது. 2019-லிருந்து 9 மணி நேரத்துக்கும் 10 மணி நேரத்துக்கும் இடையில் முடிக்கிறவர்களுக்குக் கொடுக்கிற பதக்கத்துக்கு அவர் பேர் வைத்திருக்கிறார்கள். எங்கள் தெருக்காரர் சின்னப் பையனாக இருந்தபோது அவருடைய அப்பாவாலும் வேடிக்கை பார்க்க மட்டும்தான் முடிந்ததாம். இதை அவர் கோபமாகச் சொன்னதே இல்லை. ஓட்டத்துக்கு முதல் நாள் சட்டையில் எண் அட்டையை ஊக்கு குத்தும்போது மட்டும் ரொம்ப நேரம் எடுத்துக்கொள்வார், நாலு மூலையும் நேராக வருகிற வரைக்கும். பத்துத் தடவை முடித்தவர் என்பதால் அவருக்குப் பச்சை எண். அந்த எண்ணை இனி வேறு யாருக்கும் கொடுக்க மாட்டார்கள்.

12 மணி நேரம் ஆனதும் ஒருவர் ஓடி வருகிறவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு துப்பாக்கி வெடிப்பார். வருகிற முகத்தைப் பார்த்தால் வெடிக்க மனசு வராது இல்லையா. இரண்டடி பிந்தினாலும் கணக்கில் கிடையாது. இந்த வருஷம் எனக்குக் கொஞ்ச நேரம் மிச்சமிருந்தது, ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். விழுந்த ஒருவரை முன்பின் தெரியாத இரண்டு பேர் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து கோட்டைத் தாண்டவைத்தார்கள்.

உன் கேள்விக்குப் பதில் இதில் எங்கேயோ இருக்கிறது, நீயே எடுத்துக்கொள். சர்க்கரை கட்டுக்குள்தான் இருக்கிறது, அம்மாவிடம் சொல். துறைமுகத்தில் வேலை எப்போதும்போல. அடுத்த மாதம் கிட்டங்கியில் கூட வேலை பார்க்கிற பையன் ஊருக்கு வருகிறான், அவனிடம் கோவில்பட்டி கடலை மிட்டாய் கொடுத்துவிடு. நிறையவே கொடு, நம்ம தெருக்காரருக்கு அது ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. கருப்பட்டியும் கொஞ்சம். அத்தானின் முட்டிவலி எப்படி இருக்கிறது என்று எழுது.

அன்புடன்,
தம்பி