எங்களுக்கு எழுதுவதை எங்கள் மொழியில் எழுதுங்கள்

தேசிய ஒருமைப்பாட்டுக்குப் பொறுப்பான மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

கடந்த மாதம் ஒட்டுசுட்டான் பக்கம் நீங்கள் நடத்திய செயலமர்வில் நானும் இருந்தேன். பிரெஞ்சுப் புரட்சியை எடுத்துக்காட்டிய வளவாளர், ஒரே மொழியால்தான் பிரான்ஸ் ஒரே தேசமாயிற்று என்றார். இடம்பெயர்ந்த கொட்டில் வகுப்புகளிலும் 1789ஐக் கற்பித்த வரலாற்று ஆசிரியன் என்ற முறையில் நான் எழுந்தேன். தேநீருக்கு நேரமாயிற்றென்று ஒலிவாங்கியை வாங்கிவிட்டார்கள். ஆகவே எழுதுகிறேன்.

1789 ஜூன் 17 அன்று மூன்றாம் குடிநிலையினர், அதாவது மதகுருமாரும் பிரபுக்களும் அல்லாத பொதுமக்களின் பிரதிநிதிகள், தங்களைத் தேசிய சபை என்று அறிவித்தபோது, தேசம் என்ற சொல்லுக்கு அவர்கள் மொழியையோ குருதியையோ அளவுகோலாக்கவில்லை. அரசனிடமிருந்த இறைமை இனித் தேசத்தினுடையது என்றார்கள். அந்தத் தேசத்தில் பிரெத்தோன், பாஸ்க், ஜெர்மன் பேசியவர்களும் இருந்தார்கள். அதனாலேயே 1790 ஜனவரி 14இல் சபை தன் ஆணைகளை அம்மொழிகளிலும் பெயர்த்து அனுப்பத் தீர்மானித்தது. பொது ஆவணங்கள் பிரெஞ்சில் மட்டுமே இருக்க வேண்டும் என்ற ஆணை 1794 ஜூலையில், பயங்கர ஆட்சியின் கடைசி நாட்களில் வந்தது. வளவாளருக்கு 1794 நினைவிருந்தது, 1790 மறந்துவிட்டது. கேட்டுக்கொண்டிருந்த எங்களுக்கோ சிங்களம் மட்டுமே அரசகரும மொழி என்று சட்டம் வந்த 1956 நினைவுக்கு வந்தது.

அதே வாரம் எங்கள் ஊர் அம்மா ஒருவருக்குக் காணி தொடர்பாக ஒரு கடிதம் வந்தது. முழுவதும் சிங்களம். தபாற்காரருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. சொப்பிங் பையில் மடித்து வைத்து ஒன்பது நாட்கள் ஊரெல்லாம் காட்டித் திரிந்தவர், கடைசியில் முகாம் வாசலில் நின்ற சிப்பாயிடம் நீட்டி, "தம்பி, இதிலை என்ன கிடக்கெண்டு ஒருக்காப் பாத்துச் சொல்லு ராசா" என்றிருக்கிறார். அந்தப் பிள்ளை, தனக்குத் தெரிந்த அரைகுறைத் தமிழில், விரலால் வரி வரியாகத் தொட்டுச் சொல்லியிருக்கிறான். ஆட்சேபனை இருந்தால் 14 நாட்களுக்குள் எழுத்தில் அறிவிக்கவேண்டுமாம். மீதமிருந்தது 5 நாட்கள். அதற்குள் சிங்களம் தெரிந்தவரைத் தேடி, பதில் எழுதி, பேருந்தேறி அவர் கந்தோருக்குப் போய்ச் சேர்ந்தபோது தவணை கடந்திருந்தது.

கடிதம் அனுப்பியது வேறு திணைக்களம், செயலமர்வு நடத்தியது வேறு திணைக்களம் என்பீர்கள். எங்களுக்கு இரண்டும் அரசாங்கம்தான். 1987இல் இலங்கை அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழி என்றது. 1988இல் 16ஆவது திருத்தம் வடக்கிலும் கிழக்கிலும் நிர்வாக மொழி தமிழ் என்றது. நாங்கள் கேட்பது புதிதாக ஒன்றுமில்லை, எங்களுக்கு எழுதுவதைத் தமிழில் எழுதுங்கள். செயலமர்வு மண்டபத்துப் பதாகையில் 'ஒருமைப்பாடு' என்ற சொல்லே எழுத்துப் பிழையோடு தொங்கியது. அதை அடித்த காசில் ஒரு மொழிபெயர்ப்பாளருக்கு ஒரு நாட் சம்பளமாவது கொடுத்திருக்கலாம். கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்தருள்க.

தயவுசெய்து அந்த அம்மாவின் தவணையை நீடித்து, கடிதத்தைத் தமிழில் மீண்டும் அனுப்ப ஆவன செய்யுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். நீங்கள் வாசிப்பதற்குச் சிரமப்படக் கூடாதென்பதற்காக, இம்மடலின் சிங்களப் பிரதியொன்றை நண்பரைக் கொண்டு எழுதுவித்து இத்துடன் இணைத்திருக்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியன்,
முல்லைத்தீவு மாவட்டம்.