மாமன் வீடு, அப்பன் வீடு

குமாசி, கானா,
ஞாயிற்றுக்கிழமை மாலை

அன்புள்ள மக்கா,

பேத்தி பிறந்த சேதி வந்த அன்றைக்கே எழுதியிருக்க வேண்டும். மில்லில் வருடக் கணக்கு முடிக்கிற நேரம், தள்ளிப்போய்விட்டது. மருமகன் ஒரு மாதம் லீவு போட்டுவிட்டுப் பிள்ளையைத் தானே குளிப்பாட்டுகிறான், உன் வீட்டுக்காரி குளியலறை வாசலிலேயே காவல் நிற்கிறாள் என்று எழுதியிருந்தாய். படித்துச் சிரித்தேன். நம் அப்பாமார் நம்மைத் தூக்கி வைத்திருப்பதுபோல ஒரு போட்டோவாவது உண்டா? எங்கள் வீட்டில் இல்லை.

இங்கேயும் இப்போது இதே பேச்சுதான். போன மாதம் எங்கள் ஸ்டோர்கீப்பர் சம்பள அட்வான்ஸ் கேட்டு வந்தார். காரணம் எழுதும் இடத்தில் 'சகோதரி மகனின் பல்கலைக்கழகக் கட்டணம்' என்று இருந்தது. அவருடைய மகளுக்கும் அதே வருடம்தான் காலேஜ். "உங்கள் மகளுக்கு?" என்றேன். "அவளுக்கும் ஒரு வோஃபா உண்டு. அவர் போன் எடுப்பதில்லை" என்றார்.

வோஃபா என்றால் தாய்மாமன். குமாசி அசாந்தே நாடு. அகான் மக்களில் ஒரு பிரிவினர் அசாந்தேக்கள். பிள்ளைக்கு இரத்தம் தாயிடமிருந்து வருகிறது, ஆவி தகப்பனிடமிருந்து வருகிறது என்பது அவர்கள் நம்பிக்கை. அபுசுவா என்கிற குலம் இரத்தத்தோடு போவதால் பிள்ளை தாயின் குலம். தகப்பன் வேறு குலம், தன் வீட்டிலேயே ஒருவகையில் விருந்தாளி. சொத்து தங்கை மகனுக்கு. அரியணையும் அப்படித்தான். 1999இல் இரண்டாம் ஒசெய் டுட்டு அசாந்தே மன்னரானபோது, அவரை முன்மொழிந்த அரசத்தாய் அவரைப் பெற்ற அம்மாவேதான். மன்னரின் மகன் மன்னராக முடியாது.

மற்றவர்களுக்கு இதை விளக்குவதற்குள் நாக்கு வறண்டுவிடும். நமக்கு மருமகன் என்ற ஒரு சொல் போதும். நம் இரண்டு வீட்டிலும் சொத்து சகோதரி பிள்ளைகளுக்குப் போகிற மருமக்கள்வழிதானே இருந்தது! குடும்பத்தில் மூத்த மாமனான காரணவர் கையில் சாவி. பெற்ற பிள்ளைக்கு உகந்துடைமை என்று ஏதோ கொஞ்சம். 1926இல் திருவிதாங்கூரில் அதை மாற்றிய நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் வந்த பிறகு பூட்டன் காலத்துப் பாகப்பிரிவினை வழக்குகள், அதைப் பற்றி ஆச்சி சொன்ன கதைகள் எல்லாம் ஸ்டோர்கீப்பரிடம் சொன்னேன். "அப்படியென்றால் நீங்கள் எங்களைவிட அறுபது வருடம் முந்திவிட்டீர்கள்" என்றார்.

கணக்கு சரிதான். இங்கே சட்டம் வந்தது 1985இல். அதற்கு முன்பு நடந்ததைக் கேட்டால் வயிறு எரியும். கோக்கோ தோட்டத்தில் புருஷனோடு பெண்சாதியும் பிள்ளைகளும் சேர்ந்து களை பறித்து, காய் உடைத்து, விதை காயவைத்து இருபது வருடம் உழைப்பார்கள். அவன் உயில் எழுதாமல் செத்தால் மருமகன் வந்து தோட்டத்தை எடுத்துக்கொள்வான். விதவை பெட்டியைத் தூக்கிக்கொண்டு தன் தாய்வீட்டுக்குப் போக வேண்டியதுதான். 111ஆம் எண் சட்டம் இதை மாற்றியது. உயில் இல்லாதவன் தானாகச் சம்பாதித்ததில் வீடும் வீட்டுச் சாமான்களும் மனைவி மக்களுக்கு. மிச்சத்தைப் பதினாறு பங்காக்கி, பிள்ளைகளுக்கு 9, மனைவிக்கு 3, இறந்தவரைப் பெற்றவர்களுக்கு 2, பழைய வழமைப்படி போகிறவர்களுக்கு 2. கணக்குப்பிள்ளை என்பதால் இந்தப் பதினாறு எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. ஆனால் குலச்சொத்தை அது தொடாது. தோட்டம் தானாகச் சம்பாதித்ததா, குலத்து நிலத்தில் போட்டதா என்ற சண்டைக்கு இன்றைக்கும் குறைவில்லை. பிணமும் அபுசுவாவுக்குத்தான் சொந்தம். எங்கே புதைப்பது, என்றைக்குச் சடங்கு என்பதை அவர்கள்தான் முடிவு செய்வார்கள். 'குலம் பிணத்தைத்தான் நேசிக்கும்' என்று இவர்களே ஒரு பழமொழி வைத்திருக்கிறார்கள்.

அப்புறம் அம்மாக்கள். 'வேலைக்குப் போகிற தாய் நல்ல தாயா' என்று நம் ஊரில் பட்டிமன்றம் வைப்பார்களே, அதை இங்குள்ள கெஜெட்டியா சந்தையில் வைத்தால் தலைப்பே அவர்களுக்குப் புரியாது. அங்கே யாம் கிழங்குக்கு ஒரு ராணி, தக்காளிக்கு ஒரு ராணி என்று வியாபாரத்தை ஆள்வதே பெண்கள்தான். பிள்ளைக்காகச் சம்பாதிப்பதுதான் இங்கே தாய்மை. சும்மா வீட்டில் உட்கார்ந்திருந்தால் என்ன அம்மா என்று கேட்பார்கள். பழைய காலத்தில் பல பேர் புருஷன் பெண்சாதியாக ஒரே வீட்டில் இருந்ததும் இல்லை. அவள் தன் தாய்வீட்டில், அவன் தன் தாய்வீட்டில். அந்தி மயங்கும்போது பிள்ளைகள் தலையில் சோற்றுச் சட்டியோடு அப்பா வீட்டுக்கு நடப்பார்களாம். அவன் 'சாப் மணி' என்று சமையல் செலவுக்குக் காசு கொடுக்க வேண்டும். அப்பனின் கடமை அந்தக் காசு. அதோடு எட்டாம் நாள் பிள்ளையின் நாக்கில் தண்ணீரும் மதுவும் தொட்டு வைத்துப் பெயர் சூட்டுவது. தண்ணீர் என்றால் தண்ணீர் என்று சொல், மது என்றால் மது என்று சொல், அதாவது பொய் சொல்லாதே என்று. அப்பன் வந்து பெயர் வைக்காத பிள்ளைக்கு அது தீராத குறை.

இப்போது புருஷன், பெண்சாதி, பிள்ளைகள் என்று தனிக்குடித்தனம். சர்ச்சில் நவீன அப்பாவைப் பற்றிப் பிரசங்கம் செய்கிறார்கள். எனக்கென்னவோ இந்த மாற்றத்தைச் செய்தது பிரசங்கமோ சட்டமோ இல்லை, வீட்டின் அமைப்புதான் என்று தோன்றுகிறது. பெரிய முற்றத்து வீட்டில் பிள்ளையை வாங்கிக்கொள்ளப் பாட்டி, சித்தி என்று பத்துக் கை இருந்தது. இரண்டு அறை வாடகை வீட்டில் அம்மாவை விட்டால் அப்பா கைதான் மிச்சம். எங்கள் ஆபீஸ் பையன் பிள்ளை பிறந்ததும் வருடாந்திர லீவை எடுத்துக்கொண்டான். 2003ஆம் வருடத்துத் தொழிலாளர் சட்டம் தாய்க்கு 12 வாரம் கொடுக்கிறது, தகப்பனுக்கு ஒரு நாள் இல்லை. ஐரோப்பாவுக்குப் போய்விட்ட அப்பாக்கள் வேறு. 'போர்கா' என்பார்கள், ஹாம்பர்க்கிலிருந்து வந்த சொல்லாம். அவர்கள் பிள்ளைகளுக்கு அப்பா என்றால் வாட்ஸ்அப் முகம்.

1985 சட்டம் நியாயம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. விதவையின் பெட்டியை நினைத்தால் போதும். ஆனாலும் ஸ்டோர்கீப்பரைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. அப்பாவாக வேலை கூடிவிட்டது, மாமன் வேலையோ குறையவில்லை. நம் பக்கம் மாமன் கை எப்படி விட்டுப்போனது என்று உனக்குத் தெரியும். பாகப்பிரிவினைக்குப் பிறகு என் அம்மாவும் மாமாவும் பதினெட்டு வருடம் பேசிக்கொள்ளவில்லை. என் கல்யாணத்தில் மாமா மாலையோடு பந்தலுக்கு வெளியே நின்றார். நீதான் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தாய். ஞாபகம் இருக்கிறதா?

அட்வான்ஸ் பாஸ் ஆகிவிட்டது, பாதித் தொகைக்கு. மருமகனுக்குப் பாதி, மகளுக்குப் பாதி என்று பிரித்தாராம். வீட்டில் ஒரு வாரம் ஃபுஃபு களிக்குக் கிழங்கு இடிக்கிற சத்தமே இல்லை என்கிறார்.

உன் பேத்தி வெள்ளிக்கிழமை பிறந்தாள் என்று அவரிடம் சொன்னேன். "அப்படியானால் அவள் அஃபுவா" என்று உடனே பெயரும் வைத்துவிட்டார். அப்புறம் அவளுடைய வோஃபா யார் என்று கேட்டார். பெங்களூரில் இருக்கும் உன் மகனைச் சொன்னேன்.

"போன் எடுப்பாரா?" என்றார்.

அன்புடன்,
மணி