சேணம் தேடும் மகளுக்கு

சுங்கை சிப்புட்

பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய படங்களைப் பார்த்தேன். புதுச் சேணம், நல்ல பளபளப்பு, விலையும் கைக்கு அடக்கம். ஆனால் எல்லாப் படமும் மேலிருந்து எடுத்தது. அடிப்பக்கம் ஒன்றில்கூட இல்லை. கம்பெனிப் பேரும் இல்லை, அளவும் இல்லை. அதை வாங்காதே. வாய்ஸ் மெசேஜில் சொன்னால் பாதியிலேயே நிறுத்திவிட்டு வேலைக்கு ஓடிவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

உன் கையில் இருப்பது ஆயிரம் டாலர். நியூசிலாந்தில் அந்தக் காசுக்கு நல்ல தோல் சேணம் புதிதாகக் கிடைக்காது. பழையதாகப் பார்த்தால் கிடைக்கும். ஜெர்மன் கம்பெனிகள் ஸ்டூபன், பாசியர் செய்தது, இங்கிலாந்தில் வால்சால் ஊரில் தைத்தது, இவையெல்லாம் இருபது வருஷப் பழசானாலும் வைத்திருந்தவன் ஒழுங்காக வைத்திருந்தால் இன்னும் தாராளமாக உழைக்கும். இந்தியச் சரக்கென்றாலே மட்டம் என்று சிலர் பேசுவார்கள், அதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். கான்பூரில் தலைமுறை தலைமுறையாகச் சேணம் தைக்கிற ஆட்கள் இருக்கிறார்கள். பேர் போடாமல் மலிவாக வருகிறதே, அதுதான் ஆபத்து. உள்ளே என்ன வைத்துத் தைத்தான் என்று விற்கிறவனுக்கே தெரியாது.

உள்ளே இருப்பதுதான் சேணம், பாப்பா. நடுவில் எலும்புக்கூடு மாதிரி இருக்கும் சட்டம், அதைத்தான் ட்ரீ என்பார்கள், அது நேராக இருந்தால் மற்ற எல்லாவற்றையும் சரி செய்யலாம். தையல் விட்டால் தைக்கலாம், வார் தேய்ந்தால் மாற்றலாம், அடிமெத்தைக் கம்பளி கட்டிதட்டினால் பிரித்துத் திணிக்கலாம். ட்ரீ உடைந்ததை மட்டும் சும்மா கொடுத்தாலும் வாங்காதே.

எப்படிப் பார்ப்பது என்றால், சேணத்தின் முன்பக்கத்தைத் தொடையில் அண்டக்கொடுத்து, பின்மேட்டை இரண்டு கையாலும் உன் பக்கம் இழு. கொஞ்சம் வில் மாதிரிக் கொடுக்கும், அது பரவாயில்லை, சில ட்ரீ அப்படித்தான். இருக்கை நடுவில் தோல் மடிந்து சுருங்கினாலோ, உள்ளே கிரீச்சென்றாலோ திருப்பிக் கொடுத்துவிடு. பிறகு முன்பக்கம் இரண்டு காலாக இறங்குகிற இடத்தை இரண்டு கையிலும் பிடித்து உள்ளே நெருக்கிப் பார், வெளியே விரித்துப் பார். அங்கே அசைவே இருக்கக்கூடாது. லேசாக டிக் என்று கேட்டாலும் முன்பக்க இரும்பு போய்விட்டது என்று அர்த்தம். குதிரை ஒரு தடவை சேணத்தோடு உருண்டு புரண்டால் போதும், வெளியே கீறல்கூட இல்லாமல் உள்ளே முறிந்துவிடும்.

ஈப்போ லாயத்தில் எங்களுக்கு மூத்த சைஸ், அதாவது குதிரைக்காரர், ஒருத்தர் இருந்தார். சேணம் வந்தால் தோலைப் பார்க்கவே மாட்டார். கவிழ்த்துப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு, உள்ளங்கையை அடிமெத்தை முழுக்க மெதுவாக ஓட்டுவார். எங்கேயாவது கை நின்றால் அங்கே சுண்ணாம்புக்கட்டியால் ஒரு கோடு. அந்தக் கோடு விழுந்த இடத்தில்தான் பிறகு குதிரைக்கு ரோமம் உதிரும். ரொம்ப நாள் அழுத்தினால் அதே இடத்தில் வெள்ளை மயிர் முளைக்கும், பெரும்பாலும் அது மாறவே மாறாது. உன் குதிரைக்கு முதுகில் அப்படி வெள்ளைப் புள்ளி இருக்கிறதா என்று முதலில் பார்.

இனி உன் குதிரை. பந்தயத்தில் ஓடி ஓய்ந்த தாரோபிரெட் என்கிறாய். கழுத்து முடிந்து முதுகு தொடங்குகிற மேடு உயரமாக இருக்கும், தோளுக்குப் பின்னால் குழி விழுந்திருக்கும். நீ நல்ல தீனி போட்டு வேலையும் மாற்றினால் சில மாதத்தில் அந்தக் குழி நிறைந்து முதுகு அகலமாகும். இன்றைக்குக் கச்சிதமாகப் பொருந்துகிற தோல் சேணம் அப்போது இறுக்கும். அதனால் என்னைக் கேட்டால், இந்த ஒரு வருஷத்துக்கு ஒரு பழைய வின்டெக் வாங்கு. பிளாஸ்டிக் சேணம் என்று சிலர் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். அதில் பல வகைகளில் முன்பக்க இரும்பைக் கழற்றி வேறு அகலத்தில் மாட்டலாம், ஈரத்துணியால் துடைத்தால் சுத்தமாகிவிடும். முதுகு ஒரு நிலைக்கு வந்தபின் அதை விற்றுவிட்டு நல்ல தோல் சேணமாகப் பார்க்கலாம்.

பார்க்கப் போகும்போது குதிரையைக் கூட்டிப்போக முடியாது. ஸ்டேஷனரிக் கடையில் வளைகிற ரப்பர் ஸ்கேல் விற்கும், அதைத் தோளுக்குச் சற்றுப் பின்னால் முதுகின் குறுக்கே வைத்து அழுத்தி, அந்த வளைவைத் தாளில் வரைந்து எடுத்துப்போ. அட்டையில் வெட்டிக்கொண்டால் சேணத்துக்குள் வைத்தே பார்க்கலாம். ஒரு வாரம் போட்டுப் பார்த்துவிட்டுத் தருகிறேன், முன்பணம் வைத்துக்கொள்ளுங்கள் என்று கேள். கூச்சப்படாதே, அங்கே அது வழக்கம்தான்.

வீட்டுக்கு வந்ததும் துணி எதுவும் போடாமல் வெறும் முதுகில் வை. கொஞ்சம் முன்னால் வைத்துப் பின்னால் இழுத்துவிட்டால் தானாக ஒரு இடத்தில் நிற்கும், அதுதான் அதன் இடம். தோள் எலும்பின் மேல் ஏறக்கூடாது, கடைசி விலா எலும்பைத் தாண்டவும் கூடாது. நீ ஏறி உட்கார்ந்த பிறகும் சேணத்தின் முன்மேட்டுக்கும் குதிரையின் முதுகு மேட்டுக்கும் நடுவே இரண்டு விரலாவது நுழைய வேண்டும். பின்னால் நின்று குனிந்து பார்த்தால் இரண்டு பக்க அடிமெத்தைக்கும் நடுவே உள்ள சந்து வழியாக வெளிச்சம் தெரிய வேண்டும். அந்தச் சந்து முழு நீளத்துக்கும் மூன்று விரல் அகலத்துக்குக் குறையக்கூடாது. பொருந்தாததற்கு அடியில் ஜெல் பேட் என்கிற மெத்தை போட்டுக்கொள் என்று விற்கிறவன் சொல்வான். ஏற்கெனவே கடிக்கிற சப்பாத்துக்குள் இன்னொரு காலுறை போட்ட கதைதான் அது.

அரை மணி நேரம் ஓட்டிவிட்டுக் கழற்றியதும் வியர்வையைப் பார். நடு முதுகு காய்ந்திருந்தால் நல்லது, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி நனைந்திருக்க வேண்டும். நனைந்த இடத்துக்கு நடுவே தனியாகக் காய்ந்த திட்டு இருந்தால் அங்கே அழுத்துகிறது, இல்லையென்றால் தொடவே இல்லை. அதைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு.

ஆயிரத்தையும் சேணத்திலேயே கொட்டாதே. அறுநூறுக்குள் முடி, இருநூறு, சேணத்தைக் குதிரைக்குப் பொருத்தித் தரும் ஃபிட்டருக்கு ஒதுக்கு. வயிற்றுப்பட்டை பழையதானாலும் தையல் உறுதியாக இருந்தால் போதும். கால் வைக்கிற அங்கவடியின் வாரில் மட்டும் மிச்சம் பிடிக்காதே, புதிதாகவே வாங்கு. அது ஓட்டத்தில் அறுந்தால் விழப்போவது நீ. அங்கவடி இரும்பு உன் பூட்ஸைவிட ஒரு அங்குலம் அகலமாக இருக்கட்டும், கால் மாட்டாது.

அம்மா ஐந்நூறு வெள்ளி உன் கணக்கில் போட்டிருக்கிறாள். என்னிடம் சொல்லவில்லை, பேங்க் சீட்டு சாமி ரூமில் இருந்தது. நீ வேண்டாம் என்பாய் என்று அவளுக்குத் தெரியும், அதனால்தான் சொல்லாமல் போட்டிருக்கிறாள். அந்த வாரை அதில் வாங்கிக்கொள்.

அப்பா